பர்மா ஏன் ஏழை நாடானது? செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பெரிய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் முகப்பில் நிற்கும் தூணைத் தொட்டுப் பார்த்து "இது பர்மாத் தேக்கா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றதும் அடுத்த கேள்வி தானாக வரும்: "இவ்வளவு கொடுத்த நாடு இப்போது ஏன் இப்படி இருக்கிறது?" பள்ளியில் வணிகவியல் நடத்திய நாட்களில் பிள்ளைகளும் இதையே கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் ஒரே இடத்தில் தருகிறேன். நாட்டின் இன்றைய பெயர் மியான்மர். நம் ஊர் வாயில் அது பர்மாதான், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

பர்மாவில் அப்படி என்னதான் வளம் இருக்கிறது?

ஐராவதிக் கழிமுகத்தில் நெல். மலைக்காடுகளில் தேக்கு. மோகோக்கில் மாணிக்கம். வடக்கே காச்சின் மாநிலத்தில் பாக்காந்த் என்ற இடத்தில் ஜேட் என்னும் பச்சை மணிக்கல். உலகத்தின் உயர்ரக ஜேட்டில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. மண்ணுக்கடியில் எண்ணெய் (பர்மா ஆயில் கம்பெனி தொடங்கியது 1886-ல்), கடலுக்கடியில் இயற்கை எரிவாயு, அப்புறம் ஈயம், வெள்ளி, தகரம், செம்பு. அண்மைக் காலத்தில் மின்சாரக் கார் மோட்டாருக்கும் காற்றாலைக்கும் வேண்டிய அருமண் தனிமங்களும் சேர்ந்துகொண்டன.

இதன் பக்கத்திலேயே வேறு சில எண்களை வைத்துப் பாருங்கள். 2014-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்குப்படி அங்கே 5 கோடிக்கும் கொஞ்சம் அதிகமான ஜனம். இரவில் மின்விளக்கு எரிந்தது மூன்றில் ஒரு வீட்டில்தான். மற்ற வீடுகளில் மெழுகுவத்தி, பேட்டரி, மண்ணெண்ணெய். 2023 முடிவில் ஏறத்தாழப் பாதி ஜனம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தது என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டம் சொல்கிறது. எரிவாயுவைப் பக்கத்து நாடுகளுக்குக் குழாயில் அனுப்புகிற நாட்டின் நிலைமை இது.

ஒரு காலத்தில் ஆசியாவிலேயே பணக்கார நாடு பர்மா என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. 1930-களில் உலகத்திலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மாதான். வருடத்துக்கு ஏறத்தாழ 30 லட்சம் டன். ரங்கூன் துறைமுகம் கல்கத்தா, சிங்கப்பூருக்குச் சமமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் ஏற்றுமதி செய்த நாடு வேறு, அந்த நாட்டில் உழுதவன் வேறு. ஆலைகளும் கப்பல்களும் ஆங்கிலேயக் கம்பெனிகளுடையவை. கடன் நம்மவர்களுடையது, அதாவது நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுடையது. மூட்டை தூக்கியவர்கள் தெலுங்கு, தமிழ்க் கூலிகள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். பர்மிய விவசாயி தன் நாட்டின் தலைநகரத்துக்குப் போனால் அங்கே சிறுபான்மை. "அந்தக் காலத்தில் செழிப்பாக இருந்தது, பிறகு கெட்டுப்போனது" என்ற கதையை நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும்போது, செழிப்பாக இருந்தது யார் என்று மரியாதையாகத் திருப்பிக் கேட்கலாம்.

நகரத்தார் ஏன் அங்கே போனார்கள்? என்ன தொழில்?

ஆங்கிலேயர் பர்மாவை மூன்று போர்களில் பிடித்தார்கள். 1826-ல் கடற்கரையின் இரு கோடிகள், 1852-ல் கழிமுகம் முழுவதும், 1885-ல் மேல் பர்மா. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பியச் சந்தைக்குத் தூரம் குறைந்துவிட்டது. அதுவரை சதுப்பும் காடுமாகக் கிடந்த கழிமுகத்தை வயலாக்க மேல் பர்மாவிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் இறங்கி வந்தார்கள். காடு வெட்ட வேண்டும், மாடு வாங்க வேண்டும், நடவுக்கும் அறுப்புக்கும் கூலி தர வேண்டும், அரசாங்கத்துக்குத் தலைவரி கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் ரொக்கம். ரங்கூனில் இருந்த ஆங்கில வங்கி எதுவும் சேற்று வயலை நம்பிக் கடன் தராது. அந்த இடத்தில் போய் உட்கார்ந்தவர்கள் நம்மவர்கள்.

ரங்கூன் மொகல் தெருவில் கிட்டங்கிகள். ஒரே கூடத்தில் பல கடைகள், ஆளுக்கொரு கைப்பெட்டி, மேசை கிடையாது, தரையில் உட்கார்ந்துதான் கணக்கு. அங்கிருந்து ரயிலும் படகும் போகிற ஊர்களிலெல்லாம் வட்டிக்கடை. முதலாளி பெரும்பாலும் ஊரிலேயே இருப்பார். கடையை நடத்துகிறவர் ஏஜெண்டு. அவருக்குக் கீழே மேலாள், அடுத்தாள், எடுபிடிக்குப் பெட்டியடிப் பையன். மூன்று வருடத் தவணை முடிந்ததும் கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். 1929-30-ல் ஒரு வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய், அன்றைய மதிப்பில். அதில் பெரும்பகுதி விவசாயத்தில்தான் நின்றது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கடைக்குப் போனவர்கள் ஆண்கள் மட்டும். பெண்களும் பிள்ளைகளும் இங்கே. அதனால் சம்பாதித்தது அங்கே வீடாகவில்லை, இங்கே வீடானது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று தெருவிலிருந்து தெருவரை நீளும் இந்த வீடுகள் அந்த மூன்று வருடத் தவணைகளின் மிச்சம்.

பர்மா நிலம் செட்டியார்கள் கைக்கு எப்படி வந்தது?

இதைத்தான் அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், இரண்டு பக்கமும். "எங்க ஐயாவுக்கு அங்கே ஆயிரம் ஏக்கர்" என்று பெருமையாகச் சொல்லும் பேரன்களும் சரி, "ஏமாற்றிப் பிடுங்கினார்கள்" என்று ஒரே வரியில் முடிக்கிறவர்களும் சரி.

கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்தது விளைநிலத்தில் 6 சதவீதம். 1937-ல் அது 25 சதவீதம். ஏழு வருடத்தில் நான்கு மடங்கு. இது நிலம் வாங்கும் ஆசையால் நடந்தது இல்லை. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. கடன் ரூபாயில் எழுதப்பட்டது, விலையோடு சேர்ந்து அது குறையாது. நூறு மூட்டை விற்றால் கடன் தீரும் என்று கணக்குப் போட்டிருந்த விவசாயி இப்போது இருநூறு மூட்டைக்கு மேல் விற்க வேண்டும். விளைவதே அவ்வளவு இல்லை. அசல் நின்றது, வட்டி ஏறியது, அடமானம் வைத்த நிலம் கடன்காரர் பேருக்கு மாறியது.

செட்டியாருக்கும் இது லாபமில்லை. அவருடைய தொழில் சுற்றிவரும் ரொக்கத்தில் நடப்பது. நிலமாக உறைந்துவிட்ட பணத்தை வைத்து ஊரில் வாங்கிய வைப்புக்கும் வங்கியில் வாங்கிய கடனுக்கும் பதில் சொல்ல முடியாது. வாங்க ஆளில்லாத நிலத்தை வைத்துக்கொண்டு விழித்த கடைகள் ஏராளம்.

ஆனாலும் இரண்டு நஷ்டமும் ஒன்றில்லை. ஒருவர் முதலை இழந்தார். இன்னொருவர் தன் அப்பன் காடு வெட்டித் திருத்திய வயலில் குத்தகைக்காரனாக, அதுவும் வருடா வருடம் மாற்றக்கூடிய குத்தகைக்காரனாக நின்றார். 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கத்தியோடும் ஈட்டியோடும் எழுந்தது இந்த நிலைமையில்தான். வரியும் கடனும் சேர்ந்து நெரித்த கழுத்து அது. 1931-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

அப்படியானால் பர்மாவின் வறுமைக்கு நம்மவர்தான் காரணமா?

காரணங்களில் ஒன்று. முதல் காரணம் இல்லை, கடைசிக் காரணமும் இல்லை.

நியாயமாகப் பேசினால், செட்டியார் வாங்கிய வட்டி உள்ளூர்ப் பர்மியக் கடன்காரர்கள் வாங்கியதைவிடக் குறைவு. நல்ல அடமானத்துக்கு ஆண்டுக்கு 12, 15 சதவீதம் என்ற அளவில் கொடுத்தார்கள். அவர்கள் பணம் இல்லாவிட்டால் கழிமுகம் அந்த வேகத்தில் வயலாகியிருக்காது. இதை விசாரணைக் குழுவே ஒப்புக்கொண்டது.

ஆனால் அந்தப் பணம் எங்கே தங்கியது? வட்டியாகத் திரண்டது கடல் கடந்து வந்தது. நம்மவர்கள் பர்மா ஊர் ஊராகத் தண்டாயுதபாணி கோயில் கட்டினார்கள், பூசையும் திருவிழாவும் குறைவில்லாமல் நடத்தினார்கள். கல்லூரி கட்ட நினைத்தபோது இங்கே கட்டினார்கள். 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1947-ல் காரைக்குடியில் அழகப்பா கல்லூரி. அடுத்து, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்த மின்வேதியியல் ஆய்வகம். பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து சேர்த்த பொருளின் பலன் நமக்கு இப்படிப் படிப்பாகக் கிடைத்தது. நெல் விளைந்த ஊர்களில் அதற்கு ஈடாக எதுவும் எழவில்லை. அதைக் கட்ட வேண்டியது முதலில் அங்கே வரி வாங்கிய ஆங்கிலேய அரசாங்கத்தின் பொறுப்பு என்பதும் உண்மை. அந்த அரசாங்கம் கடன்பட்ட விவசாயிக்கு ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரவே பல பத்தாண்டு தயங்கியது.

என் தீர்ப்பு இதுதான்: வட்டி வாங்கியதைவிட, வாங்கிய இடத்தில் எதையும் திருப்பி முதலிடாமல் இருந்ததுதான் நம் பக்கத்துக் குறை. இதை நம் வீட்டுக் கல்யாணங்களில் பேச மாட்டோம். பேச வேண்டும்.

செட்டியார்கள் மட்டும்தான் போனார்களா?

இல்லவே இல்லை. 1931-ல் பர்மாவில் இருந்த இந்தியர்கள் 10 லட்சத்துக்கும் மேல். அதில் வட்டிக்கடைக்காரர்கள் சில ஆயிரம்தான். மற்றவர்கள் துறைமுகக் கூலிகள், அரிசி ஆலை ஆட்கள், அறுவடைக்குப் போனவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், துப்புரவு வேலைக்காரர்கள். இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர்கள் நிறையப் பேர். மேஸ்திரி கொடுத்த முன்பணத்தில் கப்பலேறி, அந்த முன்பணத்தையே வருடக்கணக்கில் அடைத்தவர்கள். இவர்களுக்கு ஊரில் மாளிகை எழவில்லை, அதனால் இவர்கள் போனதே யாருக்கும் நினைவில்லை.

1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு போட்டன. கையில் காசும் செல்வாக்கும் இருந்தவர்கள் கப்பலைப் பிடித்தார்கள். மற்றவர்கள் அரக்கான் மலை வழியாகவும், மணிப்பூர், அசாம் வழியாகவும் நடந்தார்கள். மொத்தமாக 5 லட்சம் பேர்வரை இந்தியா திரும்பினார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் பல்லாயிரம்.

1962-க்குப் பிறகு என்ன நடந்தது? எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்களாமே?

1948 ஜனவரி 4-ல் பர்மா சுதந்திரம் பெற்றது. அதே வருடம் நில தேசியமயச் சட்டம் வந்தது. உழுகிறவனுக்கு நிலம் என்பது அதன் நோக்கம். அந்த நோக்கம் சரியானது என்றே நினைக்கிறேன், நம்மவர்கள் இழந்தாலும்.

1962 மார்ச் 2-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-ல் வங்கிகள், 1964-ல் கடைகள் அரசுடைமை. அதே 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. கடையையும் சேமிப்பையும் ஒரே வீச்சில் இழந்த சுமார் 3 லட்சம் இந்தியர்கள் அடுத்த சில வருடங்களில் கப்பலேறினார்கள். கையில் கொண்டுவர விட்டது மிகச் சொற்பம். காரைக்குடி பர்மா காலனியும் சென்னை பர்மா பஜாரும் அப்படி வந்தவர்களால் உண்டானவை.

நம் ஊரில் கதை இத்தோடு நின்றுவிடும்: நம்மை விரட்டினார்கள், நாடு கெட்டது. அதற்குப் பிறகு பர்மியர்கள் பட்டதை யாரும் சொல்வதில்லை. வெளிநாட்டுக் கடன்காரன் போன இடத்தில் அரசாங்கமே வந்து உட்கார்ந்தது. விவசாயி தன் நெல்லை அரசு சொன்ன விலைக்கு, சந்தையைவிட மிகக் குறைந்த விலைக்கு, அரசுக்கே அளக்க வேண்டும். எந்த விவசாயி கூடுதலாக விளைவிப்பான்? 30 லட்சம் டன் ஏற்றுமதி செய்த நாடு 1980-களின் கடைசியில் ஒரு லட்சம் டன்னைத் தொடவே தடுமாறியது. 1985-ல் மறுபடி நோட்டு ஒழிப்பு. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளை மாற்றிக்கொள்ளவும் வழியில்லாமல் ஒழித்துவிட்டு, 45, 90 கியாட் நோட்டுகளை அடித்தார்கள். ஒன்பது ராசியான எண்ணாம். ஒரு தலைமுறையின் சேமிப்பு இப்படிப் போனது. அந்த டிசம்பரில் ஐ.நா. பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்த்தது. அடுத்த ஆகஸ்டில், 1988-ல், மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், ராணுவம் சுட்டது.

எரிவாயு விற்ற பணம் எங்கே போனது?

வணிகவியல் படித்தவர்களுக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

யாடனா என்னும் கடலடி எரிவாயு வயலிலிருந்து 1990-களின் கடைசியில் தாய்லாந்துக்கு எரிவாயு போக ஆரம்பித்தது. பிறகு யெட்டகுன் வயலிலிருந்தும் போனது. 2013 முதல் ஷுவே வயல் எரிவாயு குழாய் வழியாகச் சீனாவின் யுன்னானுக்குப் போகிறது. வருடத்துக்கு நூறு கோடி டாலர் கணக்கில் வரவு. ஆனால் அரசு நிர்ணயித்திருந்த மாற்று விகிதம் டாலருக்கு 6 கியாட். சந்தையில் டாலர் 1,000 கியாட்டை ஒட்டி விற்றுக்கொண்டிருந்த வருடங்களிலும், எரிவாயு டாலர் அரசுப் பேரேட்டில் 6 கியாட்டாகத்தான் வரவு வைக்கப்பட்டது. ஆயிரம் வந்த இடத்தில் ஆறு எழுதினால் மீதி 994 எங்கே? பட்ஜெட்டில் அது தென்படவே தென்படாது. பள்ளிக்கூடத்துக்குப் பணமில்லை, ஆஸ்பத்திரிக்குப் பணமில்லை என்று சொல்லும்போது புத்தகப்படி அது உண்மையாகவே இருக்கும். 2005-ல் நேப்பியிதோ என்று ஒரு புதுத் தலைநகரத்தை, போக்குவரத்தே இல்லாத இருபது தட அகலச் சாலையோடு, கட்ட மட்டும் பணம் இருந்தது.

2012 ஏப்ரலில் இந்த விகிதத்தைக் கைவிட்டார்கள். அதற்குள் ஏறத்தாழப் பதினான்கு வருட எரிவாயு போய்விட்டது.

வட்டிக்கடையில் ஒரு பெட்டியடிப் பையன் இப்படி எழுதியிருந்தால் அன்று மாலையே ஊருக்குக் கப்பலேற்றியிருப்பார்கள்.

ஜேட், மாணிக்கம் கிடைக்கும் ஊர்களாவது நன்றாக இருக்குமே?

பாக்காந்தைப் பாருங்கள். 2014-ல் அங்கே வெட்டியெடுத்த ஜேட்டின் மதிப்பு 3,100 கோடி டாலர்வரை இருக்கலாம், அது நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி என்று 2015-ல் குளோபல் விட்னஸ் அமைப்பு கணக்குக் காட்டியது. பெரும்பகுதி கணக்கில் வராமல் எல்லை தாண்டிச் சீனாவுக்குப் போனது. கம்பெனிகள் ராணுவத் தளபதிகளின் குடும்பத்தாருடையவை, அவர்களோடு நெருங்கிய வியாபாரிகளுடையவை.

அந்த ஊரில் ஏழைக்குக் கிடைப்பது கழிவு மேடு. பெரிய இயந்திரங்கள் மலையைக் கரைத்துக் கொட்டும் மண்ணில் தப்பிய கல்லைத் தேடி ஆயிரக்கணக்கானோர் பொறுக்குகிறார்கள். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்த பிள்ளைகள். 2020 ஜூலை 2-ல் மழையில் ஒரு கழிவு மேடு சரிந்து 170-க்கும் மேற்பட்டோர் புதைந்து செத்தார்கள். அதற்கு முன்னும் சரிந்திருக்கிறது, பின்னும் சரிந்திருக்கிறது. வலி தெரியாமல் இருக்க ஹெராயின் ஊசி அங்கே தாராளமாகக் கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜேட், மாணிக்கம், தேக்கு, அருமண் எல்லாம் இருப்பது பெரும்பாலும் காச்சின், ஷான், கரென் போன்ற மலைவாழ் இனத்தார் பகுதிகளில். ஆட்சி இருப்பது சமவெளியில், பர்மிய இனத்து ராணுவத்தின் கையில். சுதந்திரத்துக்குப் பிறகு அங்கே சண்டை ஓயாததற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு தரப்பும் கல்லையும் மரத்தையும் விற்றுத்தான் துப்பாக்கி வாங்குகின்றன. அதனால் வளம் தீரும்வரை சண்டைக்குக் காசு தீராது. 2024-ல் காச்சின் போராளிகள் சீன எல்லையோர அருமண் சுரங்கங்களைப் பிடித்தார்கள். கைமாறியது சுரங்கம்தான்; அமிலம் கலந்த ஓடைத் தண்ணீரைக் குடிக்கும் கிராமத்துக்கு ஒன்றும் மாறவில்லை.

அப்போது வளம் இருப்பதே சாபமா?

இல்லை. போட்ஸ்வானா 1966-ல் சுதந்திரம் பெற்றபோது உலகத்தின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. அடுத்த வருடமே வைரம் கிடைத்தது. சுரங்கக் கம்பெனியில் அரசு பாதிப் பங்கு வாங்கியது, வருமானத்தைச் சாலைக்கும் பள்ளிக்கும் போட்டது, தேர்தலை நிறுத்தாமல் நடத்தியது. அங்கேயும் ஏற்றத்தாழ்வு பெரிதாகவே இருக்கிறது, சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு ஊரறிய இருந்தது. பர்மாவில் ஆங்கிலேயர் காலத்திலும் சரி, ராணுவக் காலத்திலும் சரி, கணக்கைக் கேட்க ஜனங்களுக்கு இடமே இருந்ததில்லை.

நடுவில் கொஞ்சம் முன்னேறினார்களே, அது என்னவாயிற்று?

2011 முதல் ஒரு பத்து வருடம் நன்றாகவே போனது. 2014-ல் வெளிநாட்டு செல்போன் கம்பெனிகள் வந்தபோது, அதுவரை பணக்காரனுக்கு மட்டும் கிடைத்த சிம் கார்டு 1,500 கியாட்டுக்குக் கிடைத்தது. தையல் ஆலைகள் வந்தன, கிராமத்துப் பெண்கள் சம்பளம் வாங்கினார்கள். 2005-ல் 48 சதவீதமாக இருந்த வறுமை 2017-ல் 25 சதவீதமானது. அதே 2017-ல் 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியாக்களை ராணுவம் வங்கதேசத்துக்கு விரட்டியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முன்னேற்றம் எல்லோருக்குமானதாக இல்லை.

2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. டாலருக்கு 1,330 கியாட்டாக இருந்தது 2024-ல் வெளிச்சந்தையில் 4,000-ஐத் தாண்டியது. சமையல் எண்ணெயை வெளியிலிருந்து வாங்கும் நாட்டில் இதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் சமைக்கிறவர்களிடம் கேளுங்கள். 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஊரைவிட்டு ஓடி உள்நாட்டிலேயே அகதிகளாக இருக்கிறார்கள். 2024-ல் கட்டாய ராணுவச் சேவை அமலுக்கு வந்ததும் இளைஞர்கள் தாய்லாந்துக்குத் தப்ப ஆரம்பித்தார்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மண்டலே பக்கம் 3,000-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பாதியாகக் குறைந்திருந்த வறுமை சில வருடத்திலேயே பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது.

இந்தத் தூண்களைப் பார்த்து நாம் பெருமைப்படலாமா?

வேலைப்பாட்டைப் பார்த்துத் தாராளமாகப் பெருமைப்படலாம். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் இழைத்த சுவர், ஆத்தங்குடிக் கல், நிலைக்கதவுச் செதுக்கல், இவை அத்தனையும் நம் கொத்தனார்கள், ஆசாரிகளின் கை. அவர்கள் பேர் எந்த வீட்டிலும் எழுதப்படவில்லை.

நம் பக்கத்திலேயும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். மாளிகைத் தெருவுக்கு ஒரு மைல் தள்ளி, கண்மாய்த் தண்ணீரை நம்பி ஒரு போகம் விளைவித்த கிராமங்களுக்குப் பர்மாப் பணத்தில் எவ்வளவு போனது? கட்டட வேலை நடந்த வருடங்களில் கூலி போனது. ஊருணி வெட்டினார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், அது பெரிய விஷயம்தான். நிலமோ தொழிலோ போகவில்லை. அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் இன்று துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஏஜெண்டிடம் கடன்பட்டுப் போகிறார்கள். சிவகங்கையில் கிராஃபைட் சுரங்கம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ஊர்களில் போய்க் கேட்டுப் பாருங்கள், மண்ணில் வளம் இருப்பதும் வீட்டில் வசதி இருப்பதும் ஒன்றா என்று.

தமிழர்கள் இன்னும் பர்மாவில் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். ரங்கூனிலும், பெகு, மோல்மேன் பக்கத்துக் கிராமங்களிலும். பெரும்பாலும் விவசாயமும் சிறு வியாபாரமும். தமிழ் படிக்க வசதி குறைவு, ஆனால் தீமிதியும் காவடியும் நடக்கின்றன. திரும்பி வந்தவர்களில் சிலர் தமிழ்நாட்டில் ஒட்ட முடியாமல் மறுபடி பர்மாவுக்கே போகலாம் என்று புறப்பட்டு, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே ஊரிலேயே தங்கிவிட்டார்கள்.

எங்கள் குடும்பம் இழந்த நிலத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியுமா?

நடக்காத காரியம். 1948 நில தேசியமயச் சட்டத்தில் நிலவரியைக் கணக்காக வைத்து ஒரு சிறு ஈடு சொல்லப்பட்டிருந்தது. நிலத்தின் மதிப்புக்கு அது கிட்டவும் வராது. இன்று அந்த வயலை உழுகிறவர் உங்களைவிடப் பல மடங்கு ஏழை. யாராவது பர்மா நிலத்துக்குப் பணம் வாங்கித் தருகிறேன் என்று கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வீட்டில் பழைய பர்மாக் கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

தயவுசெய்து காப்பாற்றுங்கள். பேரேடு, குறிப்பு, ஏஜெண்டின் சம்பளச் சீட்டு, அடமானப் பத்திரம், கப்பல் டிக்கெட், ஊருக்கு எழுதிய கடிதம் எதுவானாலும் சரி. அடமானப் பத்திரங்களில் பர்மிய விவசாயியின் பேர், ஊர், ஏக்கர், வாங்கிய தொகை, வட்டி எல்லாம் இருக்கும். அரசாங்க அறிக்கையில் சதவீதமாக மட்டும் தெரிகிற ஜனங்கள் இந்தப் பத்திரத்தில் பேரோடு இருக்கிறார்கள். அங்கே சண்டையில் ஆவணங்கள் அழியும் காலத்தில், அந்த நாட்டின் வரலாற்றில் ஒரு பகுதி நம் வீட்டு இரும்புப் பெட்டியில் கிடக்கிறது. அதை அவர்களுக்கும் கிடைக்கும்படி செய்வது நம்மால் ஆகிற காரியம்.

முதலில் செல்போனிலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள், நிழல் விழாமல். கடையின் விலாசம், பர்மாவில் எந்த ஊர், எந்த வருடம் என்று தனித்தாளில் குறித்து உள்ளே வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் சுருக்கெழுத்தையும் பழைய எண் குறிகளையும் படிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களிலிருந்து உருவான நூலகம் இப்போது சென்னைத் தரமணியில் இருக்கிறது. இப்படிப்பட்ட தாள்களை எப்படிக் கையாள வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டை இடிக்கும்போது பழைய பேப்பர்காரருக்குக் கிலோ கணக்கில் போடுவதற்கு முன்னால் அவர்களிடமோ, பக்கத்துக் கல்லூரி வரலாற்றுத் துறையிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள்.